பத்திரிகைப் பழஞ்செய்திகள் எங்கே போயின?

சில மாதங்களுக்கு முன்னர் கனடாவின் ரொறன்ரோ நகரில் இருந்து ஒரு பெண்மணி எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை மட்டக்களப்பின் நாவலடிக் கரையை வாரிச் சென்றபோது அவர் ஒன்பது வயதுச் சிறுமி. அன்று அவருடைய ஐந்து வயதுத் தம்பி காணாமற்போனான். உடல் கிடைக்கவில்லை என்றே குடும்பத்தினர் இத்தனை வருடங்களாக நம்பி வந்திருக்கிறார்கள். ஆனால், அண்மையில் காலமான அவரது பெரியம்மா, இறப்பதற்குச் சில நாட்கள் முன்னர் ஒரு விடயத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். 2005 ஜனவரியில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் இணையத்தளத்தில், அடையாளங்காணப்பட்டு அடக்கம் செய்யப்பட்டவர்களின் பட்டியலில் அந்தப் பிள்ளையின் பெயரைத் தான் கண்டதாகவும், தாயின் மனநிலை கருதி அதை எவரிடமும் கூறாமல் மறைத்துவிட்டதாகவும் அவர் சொன்னாராம். "ஐயா, அந்தப் பட்டியல் இப்போது எங்கே இருக்கிறது?" என்பதே அப்பெண்மணியின் கேள்வி.

அந்தப் பத்திரிகையில் அக்காலத்தில் பணியாற்றியவன் நான். அந்தப் பட்டியலைத் தளத்தில் ஏற்றுவதற்காக இரவிரவாக விழித்திருந்தவர்களில் ஒருவன். கிழக்கில் இருந்து எமது செய்தியாளர்கள் கையெழுத்தில் தொலைநகல் மூலம் அனுப்பிய தாள்கள் மேசையில் குவிந்து கிடந்தன. பத்திரிகையில் இடம் போதாததால் பெயர்களில் ஒரு பகுதியையே அச்சிட்டோம். மிகுதி அனைத்தும் இணையத்தளத்திற்கே சென்றன. எனவே, கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டியும் பயனில்லை. அதே பத்திரிகையின் இன்றைய தளத்திற்குச் சென்று தேடற்பெட்டியில் பெயரைத் தட்டினேன். எதுவும் கிடைக்கவில்லை என்ற பதில் வந்தது. ஊரின் பெயரைத் தட்டினேன். அதே பதில். 2005 ஜனவரி மாதத்திற்கு உரிய ஒரு செய்திகூட அங்கு இருக்கவில்லை.

செய்தியை வெளியிடுவது ஒரு தொழில் என்றால், வெளியிட்டதை மீண்டும் கண்டெடுக்கக்கூடியவாறு வைத்திருப்பது இன்னொரு தொழில். எமது பத்திரிகைகள் முதலாவது தொழிலைப் பற்றி எத்தனையோ விழா மலர்கள் வெளியிட்டிருக்கின்றன. இரண்டாவதைப் பற்றி எழுதியவர்கள் அரிது. அதனால் அதன் கதையைச் சற்று எழுதலாம் என்று தோன்றியது.

நான் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் பெற்றுக்கொண்டு பத்திரிகைத் தொழிலுக்கு வந்தது 1990களின் தொடக்கத்தில். அலுவலகத்தின் பின்புறத்தில், மின்விசிறி கூட ஒழுங்காகச் சுழலாத ஓர் அறையில், செய்தி நறுக்குகளின் அலுமாரிகள் இருந்தன. அதற்குப் பொறுப்பாக ஒரு பெரியவர் இருந்தார். தினமும் காலையில் முதல்நாள் பத்திரிகையை விரித்து, கத்தரிக்கோலால் செய்திகளை வெட்டி, தாளில் ஒட்டி, திகதியும் பக்கமும் எழுதி, மண்ணிறக் கடித உறைகளில் இடுவதே அவரது வேலை. அரசியல்வாதிகளுக்குத் தனித்தனி உறைகள். ஊர்களுக்குத் தனி உறைகள். விலைவாசி, கல்வி, மீன்பிடி என்று விடயங்களுக்கும் உறைகள். ஒரே செய்தி மூன்று உறைகளுக்குப் போகவேண்டியிருந்தால் பத்திரிகையின் மூன்று பிரதிகளை வெட்டுவார். ஆங்கிலப் பத்திரிகை உலகில் இத்தகைய அறையைப் பிணவறை என்றே அழைப்பார்கள். எங்கள் பெரியவருக்கு அந்தப் பெயரைச் சொன்னால் கோபம் வரும்.

அவரிடம் போய், "ஐயா, அந்தத் தலைப்பில் ஒரு செய்தி வந்ததே" என்று கேட்டால் அவர் தலைப்பைப் பொருட்படுத்தவே மாட்டார். "ஆர் சம்பந்தப்பட்டது? எந்த ஊர்? எந்த வருசம்? என்ன நடந்தது?" என்று திருப்பிக் கேட்பார். நான்கிற்கும் விடை கூறினால் ஐந்து நிமிடங்களில் உறை மேசைக்கு வந்துவிடும். சீர்காழியில் 1892 இல் பிறந்து நூலகவியலின் முன்னோடியாக விளங்கிய எஸ்.ஆர். ரங்கநாதன் 1933 இல் வெளியிட்ட தமது கோலன் பகுப்பு முறையில், எந்த விடயத்தையும் மையப்பொருள், மூலப்பொருள், செயல், இடம், காலம் என்ற ஐந்து முகங்களால் பிரித்துப் பார்த்தார் என்பதைப் பின்னாளில் வாசித்தபோது எனக்கு எங்கள் பெரியவரின் நினைவுதான் வந்தது. அவர் ரங்கநாதனைப் படித்தவர் அல்லர். தொழில் அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்திருந்தது.

காகிதத்திற்கு இருந்த ஆபத்து எமக்குத் தெரிந்ததே. 1981 இல் மூண்ட அந்தத் தீ, யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97 ஆயிரம் நூல்களைத் தின்றது. அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகையின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. பாடசாலை மாணவனாக அதைக் கேள்விப்பட்ட எனக்கு, கணினி வந்தபோது ஏற்பட்ட எண்ணம் இதுதான்: இனி எரிப்பதற்கு எதுவும் இராது. எவ்வளவு பேதைமை!

1990களின் பிற்பகுதியில் தமிழ்ப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாக இணையத்திற்கு வந்தன. அன்றைய தளங்களில் ஒவ்வொரு செய்தியும் தனித்தனிக் கோப்பு. ஒருவர் அமர்ந்து ஒவ்வொன்றையும் கையால் அமைத்து, முகப்பில் இணைப்புக் கொடுத்து, சேவையகத்திற்கு ஏற்றவேண்டும். தளத்தின் தலைப்புப் படத்தை மாற்றவேண்டும் என்றால் நூற்றுக்கணக்கான கோப்புகளைத் திறந்து மாற்றவேண்டும். நேற்றைய முகப்பின் மேல் இன்றைய முகப்பை எழுதும் வழக்கமும் இருந்தது. அப்போது நேற்றைய செய்திகளுக்குச் செல்லும் பாதை அறுந்துவிடும். கோப்பு இருக்கும், அதற்கு வழி இராது.

இதைவிடப் பெரிய சிக்கல் எழுத்துரு. இலங்கைத் தமிழர் மத்தியில் அன்று கோலோச்சியது பாமினி. அதில் 'தமிழ்' என்று எழுதுவதற்கு ஆங்கில விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகியவற்றைத் தட்டவேண்டும். கணினி சேமித்து வைப்பதும் அந்த ஆங்கில எழுத்துகளைத்தான். பாமினி எழுத்துரு அவற்றின் மீது தமிழ் முகமூடியை மாட்டிவிடும். முகமூடி இல்லாத கணினியில் அந்தச் செய்தி வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. தேடுபொறிகளுக்கும் அது குப்பையே. தமிழில் ஒரு சொல்லைத் தட்டித் தேடிய எவருக்கும் எங்கள் செய்திகள் அகப்படவில்லை. ஆளுக்கொரு எழுத்துரு என்ற நிலையைச் சீர்செய்யும் முயற்சிகள் நடந்தன. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெற்99 மாநாட்டில் தாம், தாப் என்ற இரு குறியீட்டு முறைகள் முன்வைக்கப்பட்டன. இணையவாசிகள் கூடி உருவாக்கிய திஸ்கி இன்னொரு பக்கம் வழக்கில் இருந்தது. 1998 பொங்கலன்று ஆரம்பமான மதுரைத் திட்டம், சுவிற்சர்லாந்தின் லோசானில் இருந்த கு. கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியில் இலக்கியங்களை மின்னூல்களாக்கியபோது, எழுத்துரு மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் பழையவற்றை மாற்றி எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தது. பத்திரிகைகளோ நாளைய இதழின் அவசரத்தில் பழையதை விட்டுவிட்டு நடந்தன. யுனிகோட்டில் தமிழ் 1991 ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆனால், சாதாரண வாசகரின் கணினி அதைச் சரியாகக் காட்டுவதற்கு மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் சென்றது. தமிழக அரசு அதைத் தரமாக ஏற்றது 2010 ஜூனில்.

இதனிடையே, உள்ளடக்க முகாமைத்துவ முறைமை என்று நீட்டி அழைக்கப்படும் மென்பொருட்கள் வந்தன. 2001 இல் துருபல், 2003 மே 27 இல் வேர்ட்பிரஸ், 2005 இல் மம்போவில் இருந்து பிரிந்த ஜூம்லா. இவற்றின் அடிப்படை எளிது. செய்தி இனிமேல் ஒரு பக்கம் அல்ல. தரவுத்தளத்தில் அது ஒரு வரிசை: தலைப்பு, உடல், எழுதியவர், திகதி, நிலை, வகை. வாசகர் கேட்கும் கணத்தில்தான் அந்த வரிசை எடுக்கப்பட்டு, வார்ப்புருவில் பொருத்தப்பட்டுப் பக்கமாகிறது. எங்கள் பெரியவர் மூன்று பிரதிகளை வெட்டிய இடத்தில், ஒரே செய்திக்கு எத்தனை உறைகளின் பெயரையும் எழுதலாம். வேர்ட்பிரஸில் வகைகளோடு குறிச்சொற்களும் 2007 செப்டெம்பரில் வந்து சேர்ந்தன.

ஒரு சுவையான செய்தி. இந்த மென்பொருட்களில் ஒவ்வொரு ஆக்கத்தின் முகவரியின் வாலாக அமையும் குறும்பெயரை 'ஸ்லக்' என்கிறார்கள். அது எங்கள் தொழிலின் சொல். ஈய எழுத்து வார்க்கும் இயந்திரத்தில் ஒரே கட்டியாக வார்க்கப்படும் வரிக்கு ஸ்லக் என்று பெயர். அதிலிருந்து, செய்தியாளர் தாளின் மூலையில் செய்திக்கு இடும் சுருக்கப் பெயருக்கும் அதுவே பெயராயிற்று. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லோரன்ஸ் என்ற சிறு நகரத்தின் பத்திரிகை அலுவலகத்தில், செய்தியாளர்களின் அவசரத்திற்கு ஈடுகொடுப்பதற்காக 2003 இல் எழுதத் தொடங்கி 2005 இல் பொதுவில் விட்ட ஜாங்கோ என்ற மென்பொருட் சட்டகத்திலும் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. தமிழில் அந்த வாலை எழுதினால் ஒரு வில்லங்கம் உண்டு. ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரியில் ஒன்பது எழுத்துகளாக விரியும். வேர்ட்பிரஸ் அதற்கு ஒதுக்கியிருப்பது 200 எழுத்துகள். கணக்குப் பார்த்தால் 22 குறிகளோடு தலைப்பு வெட்டுப்பட்டுவிடும். 'மட்டக்களப்பு மாவட்டத்தில்' என்று தொடங்கும் செய்திகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே முகவரியோடு ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்டு வரிசையாக நிற்கும்.

இனி எங்கள் தளத்திற்கு நேர்ந்ததைச் சொல்லவேண்டும். 2007 இல் தளம் யுனிகோட்டுக்கும் புதிய முகாமைத்துவ முறைமைக்கும் மாறியது. பழைய செய்திகளை மாற்றும் பொறுப்பு வெளியார் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. தமிழ் தெரியாத அந்த இளைஞர் பழைய கோப்புகளைத் திறந்து பார்த்திருக்கிறார். ஆங்கில எழுத்துக் குப்பை. எவரோ தளத்திற்குள் புகுந்து செய்த விஷமம் என்று நினைத்து, தேவையற்றவை என்று ஒதுக்கிவிட்டார். ஆசிரியபீடத்தில் எவரும் சரிபார்க்கவில்லை. நானும்தான். அதற்காக இன்று அவரைக் குற்றங்கூற என்னால் முடியவில்லை. ஆழிப்பேரலைப் பட்டியல்கள் அவற்றோடு போயின.

2013 இல் இன்னொரு மாற்றம். இம்முறை வேறு விதமான அழிவு. அக்காலத்தில் பரவலாக வழங்கிய மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் இயல்பான எழுத்துத் தொகுதி மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது. 2018 இல் வந்த எட்டாம் பதிப்பில்தான் அது மாறியது. யுனிகோட் தமிழை அந்தத் தொகுதிக்குள் ஊற்றினால் தனக்குத் தெரியாத ஒவ்வொரு குறிக்கும் பதிலாக அது ஒரு கேள்விக்குறியை எழுதிவிடும். 'தமிழ்' என்ற சொல் ஐந்து கேள்விக்குறிகளாகும். 2007 முதல் 2013 வரை நாங்கள் எழுதியவை, அந்தப் போரின் இறுதி நாட்களின் செய்திகள் உட்பட, திரை நிறையக் கேள்விக்குறிகளாக நின்றன. வாசகர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சில வேளைகளில் தமிழுக்குப் பதிலாக ஐரோப்பிய எழுத்துகளும் சின்னங்களும் கலந்த கோலம் தெரியும். அதற்குப் பயப்படத் தேவையில்லை. உள்ளே எழுத்து உயிரோடுதான் இருக்கிறது, தெரிந்தவர் மீட்கலாம். கேள்விக்குறி வந்துவிட்டால் அது மரணச் சான்றிதழ். காப்புப் பிரதி இல்லையேல் மீட்சி இல்லை. எங்களிடம் இருந்த ஒரே காப்புப் பிரதி, மாற்றத்தின் பின்னர் எடுக்கப்பட்டது.

முகவரிகளும் மாறின. உலகளாவிய வலையைத் தோற்றுவித்த ரிம் பேர்னேர்ஸ் லீ, பக்கங்களின் முகவரிகளை மாற்றாதீர்கள் என்று 1998 ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். கேட்டவர்கள் குறைவு. 2013 இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 வீதமானவை பத்தாண்டுகளின் பின்னர் கிடைக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2024 இல் கூறியது. புலம்பெயர்ந்த தமிழர்கள் தங்கள் ஊர்ப் பக்கங்களை அமைத்திருந்த ஜியோசிற்றிஸ் 2009 ஒக்டோபரில் மூடப்பட்டபோது போனவற்றை யாரும் எண்ணி வைத்ததாக நான் அறியேன்.

இத்தனைக்கும் தப்பிப் பிழைத்த செய்தியையாவது தேடிப் பிடிக்கலாமா என்றால், அதிலும் தமிழுக்கே உரிய சிக்கல்கள் உள்ளன. 'யாழ்ப்பாணம்' என்று தேடினால் 'யாழ்ப்பாணத்தில்' என்று எழுதப்பட்ட செய்தி வராது. பெரும்பாலான தளங்களின் சொந்தத் தேடல், கொடுத்த எழுத்துத் தொடரை அப்படியே ஒப்பிடுவது. எனவே 'யாழ்ப்பாண' என்று நிறுத்தவேண்டும். அப்போது இரண்டும் வரும். 'வீடு' என்பது 'வீட்டில்' ஆகிவிடும்போது அந்த உபாயமும் பலிக்காது. 'ஔவை' என்பதை எத்தனை பேர் 'ஒ' வும் 'ள' வும் சேர்த்துத் தட்டியிருக்கிறார்கள்! கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கணினிக்குத் தெரியும். இவற்றில் மோசமானது 'ஸ்ரீ'. அதை 'ஸ' வில் தொடங்கியும் எழுதலாம். 2005 இல் யுனிகோட்டில் சேர்க்கப்பட்ட 'ஶ' வில் தொடங்கியும் எழுதலாம். திரையில் பெரும்பாலும் ஒரே உருவம். எங்கள் நாட்டின் பெயரையே இரண்டு விதமாகத் தட்டலாம், ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. போதாததற்கு 'சிறீ' என்று எழுதுவோரும் எம்மிடையே உண்டு.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தச் சிறுவனின் பெயர் 'ஸ்ரீ' என்று தொடங்குவது.

முதலில் இணைய ஆவணக் காப்பகத்தைப் பார்த்தேன். 1996 இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் 2001 முதல் பழைய பக்கங்களைப் பொதுமக்களுக்குக் காட்டி வருகிறது. 2005 ஜனவரியின் எமது முகப்பு அங்கே இருந்தது. ஆனால் பட்டியல்களைக் காண்பதற்கு மாவட்டத்தைத் தெரிவுசெய்து பொத்தானை அழுத்தவேண்டும் என்று நாங்கள் அமைத்திருந்தோம். பக்கங்களைச் சேகரிக்கும் இயந்திரம் இணைப்புகளின் வழியே செல்வது. பொத்தானை அழுத்தத் தெரியாத அது வாசலோடு திரும்பிவிட்டது. வாசகர்களுக்கு வசதி என்று நினைத்து நாங்கள் செய்த வேலை.

பின்னர், அக்காலத்தில் எங்களுடன் பக்க வடிவமைப்பில் இருந்து ஓய்வுபெற்ற நண்பருக்குத் தொலைபேசி எடுத்தேன். "வீட்டில ஒரு பிஸ்கற் பெட்டிக்குள்ள கொஞ்ச இறுவட்டு கிடக்கு. மனுசி எறியச் சொல்லிக்கொண்டே இருக்கிறா. வந்து பாரும்" என்றார். பதின்மூன்று இறுவட்டுகள். மேலே வெறும் மாதமும் வருடமும். 2005 ஜனவரி என்று எழுதியிருந்ததைக் கணினியில் இட்டபோது, அது வாசித்து முடிக்கும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை. உள்ளே திகதியைப் பெயராகக் கொண்ட கோப்புகள். திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. 2007 இல் அந்த இளைஞர் கண்டதும் இதைத்தான்.

எனக்கு அது குப்பை அல்ல. விரல்களுக்குப் பாமினி மறக்கவில்லை. 'ஸ்ரீ' க்கு உரிய ஒற்றை விசையைத் தட்டித் தேடினேன். இல்லை. மட்டக்களப்பில் இருந்து பட்டியலை எழுதி அனுப்பியவர் கிரந்த எழுத்தைத் தவிர்ப்பவர் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. ஆர், பி, டபிள்யூ, பின்னர் பெரிய எழுத்துப் பி. 'சிறீ'. மூன்று பெயர்கள் வந்தன. இரண்டாவது பெயரின் எதிரே நாவலடி என்றும் வயது ஐந்து என்றும் இருந்தது. தந்தையின் முதலெழுத்தும் அடக்கம் செய்யப்பட்ட இடமும் இருந்தன.

அதைப் படியெடுத்து அந்தப் பெண்மணிக்கு அனுப்பினேன். அவசரத்தில், ஆட்கள் சொல்லக் கேட்டு எழுதப்பட்ட பட்டியல் இது, இதை மட்டும் வைத்து முடிவு செய்யவேண்டாம் என்றும் எழுதினேன். இரண்டு நாட்களின் பின்னர் பதில் வந்தது. முதலெழுத்து சரி என்றும் ஊருக்கு வருவதற்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டதாகவும் குறிப்பிட்டிருந்தார். தாய்க்கு இன்னமும் சொல்லவில்லையாம்.

2005 இல் தொண்டர்களால் தொடங்கப்பட்ட நூலகம் திட்டத்தினர், தாம் மின்வருடும் ஒவ்வொரு நூலுக்கும் இதழுக்கும் தலைப்பு, ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு என்று குறித்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த முறையைப் பின்பற்றி, பட்டியலை யுனிகோட்டுக்கு மாற்றி ஊர், வயது, திகதி வாரியாகப் பிரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். 'ஸ்ரீ' வரும் இடங்களில் மூன்று வடிவங்களையும் குறிச்சொல்லாக இடுகிறேன். ஒரு நாளைக்கு நாற்பது பெயர்களுக்கு மேல் என்னால் முடிவதில்லை. பிஸ்கற் பெட்டியில் இருந்த மற்றைய பன்னிரண்டு இறுவட்டுகளில் மூன்றைக் கணினி வாசிக்க மறுத்துவிட்டது. அவற்றில் ஒன்றின் மேல் 2005 பெப்ரவரி என்று எழுதியிருக்கிறது.